கலரியில் இருந்தவர்கள்
தென்னிந்தியச் சினிமா ரசனையும் எமது எழுதப்படாத வரலாறும்

1

ஈழத்தமிழர் சமூக வரலாறு பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றை எடுத்துப் பார்த்தால், அங்கே கோயில் இருக்கிறது, பாடசாலை இருக்கிறது, கட்சி இருக்கிறது, இயக்கம் இருக்கிறது, எரிந்த நூலகம் இருக்கிறது. தியேட்டர் இல்லை. வாரத்தில் ஒருநாளாவது எமது சனங்கள் வரிசையில் நின்று காசு கொடுத்துப் போன இடம் அது. அரை நூற்றாண்டு காலம் எமது வீடுகளில் காலை முதல் இரவு வரை ஒலித்தவை சினிமாப் பாட்டுகள். இவை பற்றி எமது ஆய்வாளர்கள் எழுதியதெல்லாம் சேர்த்தாலும் ஒரு சிறு கைநூலுக்கு மேல் வராது. எழுதப்பட்டவற்றிலும் பெரும்பகுதி கண்டனம்.

இதில் நானும் பங்காளி. ஊரில் இருந்த காலத்தில் பல வருடங்கள் வரலாறு கற்பித்தேன். இந்தச் சினிமா பற்றி எனது விரிவுரைகளில் வந்தது ஒரே ஒரு வசனம். அது வெகுசனங்களை உறங்கவைக்கும் போதைப்பொருள் என்பதே அந்த வசனம். மாணவர்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள். பரீட்சையில் திருப்பி எழுதினார்கள். நான் புள்ளி போட்டேன்.

2024 பெப்ரவரியில் நடிகர் விஜய் கட்சி தொடங்கிய செய்தி வந்த வாரம், நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் எங்கள் பொடியன்களுக்குள் பெரிய வாக்குவாதம். விஜயா அஜித்தா என்று தொடங்கி எம்.ஜி.ஆர். வரைக்கும் போனது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஒருவன் மரியாதையாகவே தடுத்தான்: "சேர், உங்களுக்கு உதுகள் விளங்காது. நீங்கள் படிச்ச ஆக்கள், உங்கடை கூட்டம் உதையெல்லாம் பாக்காது." மற்றவர்கள் சிரித்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவன் சொன்னது பொய். பதின்மூன்று வயதில் ஒரே எம்.ஜி.ஆர். படத்தை ஐந்து தடவை கலரியில் இருந்து பார்த்தவன் நான். அதை எந்த இடத்தில், எந்தக் காரணத்துக்காக மறைக்கத் தொடங்கினேன் என்று யோசித்தபோது, அது எனது தனிப்பட்ட கதை மட்டுமல்ல என்று பட்டது. இக்கட்டுரை அந்த யோசனையிலிருந்து வருகிறது.

2

முதலில் ஒரு பிறப்பிடம் பற்றிய கதை. எம்.ஜி.ராமச்சந்திரன் 1917 ஜனவரி 17 ஆம் திகதி கண்டிக்கு அருகே நாவலப்பிட்டியில் பிறந்தவர். தகப்பன் இறந்த பிறகு குடும்பம் இந்தியா திரும்பியது. நாடகக் கம்பனியில் சேர்ந்த பையன் 1936 இல் 'சதிலீலாவதி'யில் சிறு வேடத்தில் சினிமாவுக்கு வந்தான். 1977 இல் தமிழ்நாட்டின் முதலமைச்சரானான். யாழ்ப்பாணத்து எம்.ஜி.ஆர். ரசிகர்கள் இந்தப் பிறப்பிடத்தை ஒரு சொத்துப் போல வைத்திருந்தார்கள். சிவாஜி ரசிகனோடு வாதாடி வேறு வழியில்லாமல் போகும்போது, "எங்கடை மண்ணிலை பிறந்த ஆள்" என்ற கடைசித் துருப்பு வெளியே வரும்.

1965 இல் எம்.ஜி.ஆர். சரோஜாதேவியோடு இலங்கை வந்தார். எனது தகப்பனார் அப்போது கலியாணம் கட்டாத இளைஞர். வேலைக்கு லீவு போட்டு யாழ்தேவியில் கொழும்புக்குப் போய், சனநெரிசலில் ஒரு செருப்பைத் தொலைத்து, எம்.ஜி.ஆரின் கையசைப்பை ஒரு கணம் கண்டுவிட்டு வந்தவர். சாகும்வரை அந்தக் கதையை அலுக்காமல் சொன்னார்.

அந்த வருடத்துக்கு முந்திய வருடத்தை நாம் மறந்துவிடுகிறோம். 1964 ஒக்ரோபர் 30 இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் மலையகத் தமிழரை இந்தியா ஏற்பதென்றும், மூன்று லட்சம் பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவதென்றும், மிகுதி ஒன்றரை லட்சம் பேரின் கதியைப் பிறகு தீர்மானிப்பதென்றும் இரண்டு அரசாங்கங்கள் கணக்குப் பார்த்தன. அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை ஏற்கனவே நாடற்றவர்களாக்கி வைத்திருந்தது. நாவலப்பிட்டியில் பிறந்து இந்தியா போன ஒருவரை "எங்கடை மண்ணின் பிள்ளை" என்று தோளில் தூக்கினோம். அதே மலைகளில் பிறந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை அப்படி ஒருநாளும் அழைத்ததில்லை. அப்பாவின் கதையில் அவர்கள் வரவேயில்லை. நான் கேட்கவும் இல்லை.

இதைச் சினிமாவின் குற்றம் என்று எழுதுவது சுலபம். உண்மையில் அது எமது குற்றம். யாரை "எங்கடை ஆள்" என்று சொல்வது என்ற தீர்மானம் தியேட்டருக்குள் எடுக்கப்பட்டதல்ல. அது நாங்கள் வீட்டிலிருந்து கொண்டு போனது.

3

சினிமா ரசனை பற்றிப் பேசும்போது நாம் எப்போதும் தமிழ்நாட்டைக் கொடுப்பவராகவும் எம்மை வாங்குபவராகவும் வைத்துப் பேசுகிறோம். வானொலியின் வரலாறு இதற்கு நேர்மாறான ஒரு பக்கத்தைக் காட்டுகிறது.

1952 இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கர் சினிமாப் பாட்டைத் தரக்குறைவானதெனக் கருதியவர். அவரது காலத்தில் அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டுகள் படிப்படியாக அகற்றப்பட்டன. இந்த இடைவெளியை நிரப்பியது கொழும்பு. 1950 இல் தொடங்கப்பட்டிருந்த இலங்கை வானொலியின் வர்த்தக சேவை, இந்தியாவில் ஒலிக்க மறுக்கப்பட்ட பாட்டுகளை இந்தியாவுக்கே ஒலிபரப்பியது. ஹிந்தியில் அமீன் சயானியின் நிகழ்ச்சி துணைக்கண்டம் முழுதையும் கட்டிப்போட்டது. தமிழில் எஸ்.பி.மயில்வாகனம் தென்னிந்தியாவின் வீட்டுப் பெயரானார். டில்லி தனது தவறை உணர்ந்து விவித் பாரதியைத் தொடங்க 1957 ஒக்ரோபர் ஆனது. அதன் பிறகும் தமிழ்நாட்டின் தெருக்களில் இலங்கை வானொலியின் ஒலி ஓயவில்லை. பிறகு வந்த ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்களை அறியாத தமிழர் அக்காலத்தில் இரண்டு கரையிலும் குறைவு. 'பொங்கும் பூம்புனல்', 'திரைவிருந்து', 'பாட்டுக்குப் பாட்டு' ஆகிய பெயர்களை இன்றும் மதுரைப் பக்கத்து முதியவர்கள் சொல்லக் கேட்கலாம்.

மேட்டிமையாளர் ஒருவர் மக்களின் ரசனையைத் திருத்தப் புறப்பட்டார். மக்கள் வானொலி ஊசியைச் சற்றுத் திருப்பினார்கள். அவ்வளவுதான் நடந்தது. இந்தப் பாடத்தை எமது முற்போக்காளர்கள், என்னையும் சேர்த்து, கற்கவில்லை என்பதைக் கீழே சொல்கிறேன்.

இன்னொன்றையும் அவதானிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தவர், மட்டக்களப்பார், மலையகத்தார், முஸ்லிம்கள், கொழும்புத் தமிழர் என்று பிரிந்து கிடந்த தமிழ் பேசும் மக்கள் அனைவரும் ஒரே நேரத்தில் ஒன்றைச் செய்தார்கள் என்று சொல்லக்கூடிய விடயங்கள் எமது வரலாற்றில் மிகக் குறைவு. தேர்தலில் நாம் ஒன்றாக நிற்கவில்லை. கோயிலில் ஒன்றாக நிற்கவில்லை. 1990 இல் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய பிறகு, ஒன்றாக நின்றதாகச் சொல்லவும் வாய் கூசுகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே குரலை ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். 'நேயர் விருப்பம்' நிகழ்ச்சியில் வாசிக்கப்பட்ட பெயர்ப் பட்டியல்களில் ஹட்டனும் அக்கரைப்பற்றும் சாவகச்சேரியும் ஒரே மூச்சில் வரும். எமது எந்தக் கட்சியும் அப்படியொரு பட்டியலை வைத்திருந்ததில்லை.

4

பேராசிரியர் கா.சிவத்தம்பி 1981 இல் ஆங்கிலத்தில் எழுதிய, தமிழ்ச் சினிமாவை அரசியல் தொடர்பூடகமாக ஆராயும் சிறுநூலில் ஒரு முக்கியமான கருத்தை முன்வைத்தார். தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்து பார்த்த முதல் கலை அரங்கு சினிமாக் கொட்டகையே என்பது அது. அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பார்வையாளரின் சாதிப்படிநிலை அல்ல, அவரது வாங்கும் சக்தியே என்றார். எங்கள் தலைமுறையில் பலர் இந்த நூலைப் படித்தோம். மேற்கோள் காட்டினோம். ஆனால் எங்கள் ஊர் அனுபவத்தோடு அதைப் பொருத்திப் பார்க்கவில்லை.

பொருத்திப் பார்ப்போம். 1966 ஒக்ரோபர் 21 இல் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் சுன்னாகத்தில் பொலிசாரால் தாக்கப்பட்டது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலின் கதவுகள் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு மூடப்பட்டன. தேநீர்க் கடையில் சமமாக இருந்து தேநீர் குடிப்பதற்கு உயிர்கள் பலியாகின. இதே காலத்தில் யாழ்ப்பாண நகரத்தில் வின்சர், ராஜா, ராணி, மனோகரா, வெலிங்டன், ரீகல் என்று தியேட்டர்கள் இயங்கின. ரிக்கற் வாங்கியவர் எவரும் உள்ளே போகலாம். பல்கனியும் முதலாம் வகுப்பும் வசதியானவர்களுக்கு என்பது உண்மை. கலரி என்பது பெரும்பாலும் ஏழைகளின் இடம், ஆகவே பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியாரின் இடம் என்பதும் உண்மை. ஆனால் கலரிக்குள் எவன் எந்த வாங்கில் இருப்பது என்று கேட்க அங்கே ஆள் இல்லை. காசு சாதியை அழிக்கவில்லை. மூன்று மணித்தியாலம் அதை வாசலில் நிறுத்தி வைத்தது.

எனது நண்பன் ஒருவன். பெயர் வேண்டாம், அவனது சகோதரர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். தகப்பன் கள்ளுச் சீவும் தொழிலாளி. நாங்கள் வெள்ளாளர். இருவரையும் சேர்த்து வைத்தது எம்.ஜி.ஆர். பள்ளிக்கூடத்தில் அவனிடம் பாட்டுப் புத்தகங்கள் இருந்தன. என்னிடம் அப்பா சேர்த்த படங்கள் இருந்தன. எங்கள் ஊருக்குப் படங்கள் பழசாகி, கோடு விழுந்த பிரதிகளாகத்தான் வரும். 1980, 81 காலத்தில் நாங்கள் பார்த்தவற்றில் பாதி எங்களுக்கு முன்பே பிறந்த படங்கள். 'ஆயிரத்தில் ஒருவன்' 1965 இல் வந்தது. அதை நாங்கள் புதுப்படமாகவே பார்த்தோம். பஸ்ஸுக்கு வைத்த காசை மிச்சம் பிடித்து நடந்து போவோம். கலரியில் பக்கத்துப் பக்கத்தில் இருப்போம். இடைவேளைக்கு இருவருக்குமாக ஒரு சோடா. அவன் பாதி குடித்துவிட்டுத் தருவான், நான் மிச்சத்தைக் குடிப்பேன். அது பற்றி ஒருகணமும் நினைத்ததில்லை.

அவன் பாட்டுப் புத்தகம் மாற்ற எங்கள் வீட்டுக்கு வருவான். படலைக்கு உள்ளே வந்து முற்றத்தில் நிற்பான். அப்பாச்சி தேத்தண்ணி கொடுப்பா. வெளிக்குந்தில் கவிழ்த்து வைத்திருக்கும் தகரப் பேணியில். குடித்த பிறகு அவனே கிணற்றடிக்குத் தள்ளிப் போய்க் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவான். நான் பக்கத்தில் நின்று அடுத்த படம் எது என்று கதைத்துக்கொண்டிருப்பேன். பிற்காலத்தில் சாதியம் பற்றி எழுதினேன், கருத்தரங்குகளில் பேசினேன். அந்தத் தகரப் பேணியைப் பற்றி எழுதவில்லை. தியேட்டரில் ஒரே போத்தலில் குடித்தவன் வீட்டில் ஏன் வாய் திறக்கவில்லை என்ற கேள்விக்கு எனது மார்க்சியத்தில் அன்று இடம் இருக்கவில்லை.

ஆகவே சிவத்தம்பியின் கருத்தோடு ஒரு வரி சேர்க்க விரும்புகிறேன். தியேட்டர் சமத்துவத்தை உண்டாக்கவில்லை, அப்படி ஒன்று சாத்தியம் என்பதை மட்டும் காட்டியது. அதை வெளியே கொண்டுவரும் பொறுப்பு எங்களுடையது. நாங்கள் அதைத் தியேட்டர் வாசலிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

5

1970 இல் ஐக்கிய முன்னணி அரசாங்கம் வந்த பிறகு தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு, படங்களின் இறக்குமதியும் விநியோகமும் தனியார் கையிலிருந்து அதனிடம் போயின. அந்தத் தனியாரில் முக்கியமானவர்கள் இருவர் தமிழர். 1928 இல் சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடக்கிய சேர் சிற்றம்பலம் கார்டினர் ஒருவர். மற்றவர் சினிமாஸ் நிறுவனத்தின் கே.குணரத்தினம்.

முற்போக்கு எழுத்தாளர்கள் இக்கட்டுப்பாடுகளை வரவேற்றார்கள். தமிழரசுக் கட்சியினர் தமிழ்ப் பண்பாட்டின் மீதான தாக்குதல் என்றார்கள். அரை நூற்றாண்டு கழித்துப் பார்க்கையில் இரு பக்கத்திலும் பாதி உண்மை இருந்தது. உள்ளூர் எழுத்துக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது என்பதை மறுக்க முடியாது. 1966 முதல் டொமினிக் ஜீவா நடத்திவந்த 'மல்லிகை' வேரூன்றியது. வீரகேசரிப் பிரசுரங்கள் ஈழத்து நாவல்களை வீடுகளுக்குள் கொண்டுபோயின. 1962 இல் 'சமுதாயம்' எனத் தொடங்கிய ஈழத்துத் தமிழ்ப்பட முயற்சி எழுபதுகளில் 'குத்துவிளக்கு' (1972), 'பொன்மணி' (1977), 'வாடைக்காற்று' (1978) என்று தொடர்ந்தது.

இவற்றுள் 'பொன்மணி' இங்கே முக்கியம். அதை இயக்கியவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த சிங்களவரான தர்மசேன பத்திராஜ. யாழ்ப்பாணத்துக் குடும்பத்தையும் சீதனத்தையும் சாதியையும் பொய்ப்பூச்சு இல்லாமல் காட்டிய படம். ஓடவில்லை. இதற்கு நாங்கள் சொன்ன விளக்கம், சனங்களின் ரசனை கெட்டுப்போயிருக்கிறது என்பது. பல வருடங்களுக்குப் பிறகே நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். நல்ல படம்தான். ஆனால் எனது நண்பன் போன்ற ஒருவன் காசு கொடுத்துத் தனது தோல்வியை ஏன் இன்னொரு தடவை பார்க்கவேண்டும் என்ற கேள்வியும் எழுந்தது. எம்.ஜி.ஆர். படத்தில் சவுக்கைப் பிடுங்கித் திருப்பி அடிக்கிறார்கள். அது பொய் என்று அவனுக்குத் தெரியும். வெளியே போனால் தகரப் பேணி காத்திருக்கிறது என்பதும் தெரியும். அதனால்தான் அந்த மூன்று மணித்தியாலம் அவனுக்குத் தேவைப்பட்டது. எம்.எஸ்.எஸ்.பாண்டியன் 1992 இல் எழுதிய நூலில், எம்.ஜி.ஆரின் ஆட்சி ஏழைகளுக்கு எதிராகவே நடந்தும் ஏழைகள் அவரைக் கொண்டாடியது எப்படி என்று கேட்டார். மிக முக்கியமான கேள்வி. எம்.ஜி.ஆரின் ஆட்சி எம்மை ஆளவில்லை. எம்மிடம் வந்தது பிம்பம் மட்டும். ஆகவே எமது ரசிகர்கள் அந்தப் பிம்பத்தை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பது தனியாகக் கேட்கப்பட வேண்டிய கேள்வி. அதை யாரும் கேட்கவில்லை.

சிங்களச் சினிமாவின் தொடக்கமும் இந்த வரலாற்றோடு பின்னியது என்பதைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும். 1947 ஜனவரியில் வெளிவந்த முதல் சிங்களப் பேசும்படம் 'கடவுணு பொரொந்துவ'. அதைத் தயாரித்தவர் எஸ்.எம்.நாயகம் என்ற தமிழர். தயாரிக்கப்பட்ட இடம் மதுரையில் அவரது கலையகம். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'சந்தேசய' (1960) படத்துக்குப் பணம் போட்டவர் குணரத்தினம். 1983 ஜூலையில் ஹெந்தளையில் இருந்த அவரது விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. சிங்களப் படங்களை இயக்கிய கே.வெங்கட் அதே ஜூலையில் கொல்லப்பட்டார். 1989 இல் குணரத்தினமும் சுட்டுக் கொல்லப்பட்டார். எரிந்த ஸ்ரூடியோவில் போனவை பெரும்பாலும் சிங்களப் படங்களின் சுருள்கள். எரித்தவர்கள் தமது சொந்தப் பண்பாட்டின் நினைவையே எரித்தார்கள்.

6

எண்பதுகளின் தொடக்கத்தில் வீடியோ வந்தது. மத்தியகிழக்கிலிருந்து வந்தவர்கள் டெக் கொண்டுவந்தார்கள். வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, விடிய விடிய மூன்று படம். கலரியும் பல்கனியும் மறைந்தன. அதோடு இன்னொன்றும் நடந்தது: படம் இப்போது ஒருவரின் வீட்டு முற்றத்தில் ஓடியது. யாருடைய முற்றத்துக்கு யார் வரலாம் என்பது பழைய சட்டம். எனது நண்பன் எங்கள் தெருவில் டெக் போட்ட எந்த வீட்டுக்கும் வந்ததாக எனக்கு ஞாபகமில்லை. தொழில்நுட்பம் முன்னேறியது. அந்தச் சிறு சமத்துவம் போய்விட்டது.

1984 இல் அவன் இயக்கத்துக்குப் போனான். பதினேழு வயது. தமிழ்நாட்டுப் பயிற்சி முகாமிலிருந்து ஒருவர் மூலமாக ஒரு கடிதம் வந்தது. எம்.ஜி.ஆரின் கார் போனதைச் சென்னையில் கண்டதாக எழுதியிருந்தான். அடுத்த வரியில், "இஞ்சை எல்லாரும் ஒரே சட்டியிலைதான் சாப்பிடுறம்" என்றிருந்தது. எனக்கு ஏ.எல். பரீட்சை. கடிதம் வீட்டில் இருந்தால் ஆபத்து என்று அம்மா எரித்துவிட்டா. பதில் எழுதவில்லை. 1986 இல் அவன் கொல்லப்பட்டான். சுட்டது இராணுவம் அல்ல, இன்னொரு இயக்கம். எந்த இயக்கம் எந்த இயக்கத்தவனைச் சுட்டது என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இந்தக் கட்டுரை அதைப்பற்றியதாகிவிடும். இதை வாசிப்பவர்கள் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு பெயர் தெரியும்.

அந்தக் காலத்தைப் பற்றி எம்மிடையே இரண்டு கருத்துகள் உண்டு. சினிமா இளைஞர்களை மயக்கிப் போராட்டத்திலிருந்து விலக்கியது என்பது ஒன்று. சினிமாவின் வீரநாயக வழிபாடே இயக்கத் தலைமை வழிபாடாக மாறியது என்பது மற்றது. பின்னது புகலிடத்தில் பலராலும் சொல்லப்படுவது, கேட்கக் கவர்ச்சியானது. எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்து இயக்கங்களை ஆதரித்ததும், புலிகளுக்குப் பெருந்தொகைப் பணம் கொடுத்ததும் அன்ரன் பாலசிங்கத்தின் நூலிலேயே பதிவானவை. திரையில் வாளெடுத்தவர் நிஜத்தில் துப்பாக்கிக்குக் காசு கொடுத்தார் என்று எழுதிவிட்டால் கட்டுரை அழகாக முடியும்.

ஆனால் நான் கலரியில் இருந்தவன். இந்த விளக்கம் பிழை என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். எம்.ஜி.ஆர். ரசிகனுக்குப் பக்கத்து வாங்கில் சிவாஜி ரசிகன் இருந்தான். இருவரும் விடிய விடியச் சண்டை பிடித்தார்கள். சில நேரம் கைகலப்பும் நடந்தது. சுவரொட்டிக்குச் சாணி அடித்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை இருவரும் அதே வரிசையில் நின்றார்கள். எங்கள் வீட்டில் அப்பா எம்.ஜி.ஆர்., அம்மா சிவாஜி. படம் பிடிக்காவிட்டால் ரசிகன் கூக்காட்டினான், எழுந்து போனான், தலைவரின் படம் சரியில்லை என்று வெளிப்படையாகச் சொன்னான். எங்கள் அரசியலில் இந்த உரிமை எதுவும் இருக்கவில்லை. மாற்று ரசிகனைச் சகித்த சமூகம் மாற்று இயக்கத்தவனை ரயர் போட்டு எரித்தது. இந்தப் பழக்கத்தைத் தியேட்டரில் பழகினோம் என்று சொல்லமுடியாது. வேறெங்கோ பழகினோம். எங்கே என்பதைத் தேடவேண்டும். தேடினால் எமது வீடும், எமது பாடசாலையும், எமது துரோகிப் பட்டியல் போட்ட மேடைகளும் அகப்படும் என்பது எனது சந்தேகம். சினிமாவைக் குற்றவாளியாக்குவது இந்தத் தேடலிலிருந்து தப்புவதற்கு வசதியாக இருக்கிறது.

ஒரு சம்பவம். 1987 டிசம்பர் 24 ஆம் திகதி எம்.ஜி.ஆர். இறந்தார். ஒக்ரோபரில் தொடங்கிய இந்திய இராணுவத்தின் யுத்தம் யாழ்ப்பாணத்தைச் சிதைத்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. எங்கள் சந்தியில் இருந்த காவல் அரணில் ஒரு தமிழ்ச் சிப்பாய் நின்றான். அன்று காலை அப்பாவும் நானும் பாண் வாங்கப் போனோம். அடையாள அட்டையைப் பார்க்காமல், "ரேடியோல என்ன சொன்னாங்க ஐயா? நிஜமா?" என்று கேட்டான். அப்பா தலையசைத்தார். அவன் துப்பாக்கியைச் சுவரில் சாத்திவிட்டு முகத்தைத் துடைத்தான். அப்பாவும் அழுதார். எங்கள் சொந்தக்காரர் இருவரைச் சில வாரங்களுக்கு முன்பு கொன்றது அந்த இராணுவம்தான். நான் இருவரையும் வெறுத்தபடி நின்றேன். வீட்டுக்கு வந்து என் பெட்டியிலிருந்த படங்களையும் பாட்டுப் புத்தகங்களையும் அடுப்பில் போட்டேன். எனது ரசனை வரலாறு அன்று முடிந்தது. மறைத்தல் அன்று தொடங்கியது.

1990 க்குப் பிறகு மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். ஒருவர் மிதிக்க, நாலு பேர் பாட்டுக் கேட்பார்கள். தென்னிந்தியப் படங்களை அக்காலத்தில் எம்மை ஆண்டவர்கள் தணிக்கை செய்தே விட்டார்கள். கேஸ்கர் வேறு சீருடையில் வந்திருந்தார். சனங்கள் இன்னொரு தடவை ஊசியைத் திருப்பினார்கள்.

7

புகலிடத்தில் கதை தலைகீழானது. பாரிஸ் லா சப்பலில், லண்டனில், ரொறன்ரோவில் நாங்கள் முதலில் திறந்த கடைகளில் மரக்கறியோடு வீடியோப் பிரதியும் இருந்தது. வேலைக்குப் போய்வந்த பொடியன்கள் ஆறுபேர் ஓர் அறையில் இருந்து பார்த்தார்கள். பிறகு வெளிநாட்டு உரிமை என்பது தமிழ்ச் சினிமாவின் கணக்கில் ஒரு தனிவரி ஆனது. 1987 இல் லண்டனில் தொடங்கிய ஐங்கரன் நிறுவனம் விநியோகத்திலிருந்து தயாரிப்புக்குப் போனது. முல்லைத்தீவில் பிறந்த ஒருவரின் லைக்கா நிறுவனம் 'கத்தி'யை (2014) எடுத்தபோது, ராஜபக்ச குடும்பத்தோடு தொடர்பு என்று குற்றஞ்சாட்டித் தமிழ்நாட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. நிறுவனம் மறுத்தது. அதே நிறுவனம் '2.0' (2018), 'பொன்னியின் செல்வன்' (2022) என்று பெரும்படங்களுக்குப் பணம் போட்டது. 2017 மார்ச்சில் அதன் அறக்கட்டளை கட்டிய வீடுகளைக் கையளிக்க வடக்குக்கு வரவிருந்த ரஜினிகாந்த், தமிழ்நாட்டுத் தலைவர்கள் எதிர்த்ததால் பயணத்தை நிறுத்தினார். வீடு பெறவிருந்தவர்களின் கருத்தை அவர்களில் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இவ்வளவு பணம் போனது. திரும்பி வந்தது என்ன? 'தெனாலி'யில் (2000) எமது பேச்சுத் தமிழ் ஒரு பயந்தாங்கொள்ளியின் நகைச்சுவையாக வந்தது. 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) எமது யுத்தத்தை இன்னொருவரின் குடும்பக் கதைக்குப் பின்திரையாக்கியது. 2015 இல் கான் விழாவில் தங்கப்பனை வென்ற 'தீபன்' ஒரு பிரெஞ்சு இயக்குநரின் படம். முன்னாள் போராளியாக அதில் நடித்தவர் எம்மிடையே எழுத்தாளராக அறியப்பட்ட ஷோபாசக்தி. எமது பணத்தில் எமது கதை வரவில்லை. இதைச் சொல்லும்போது கோடம்பாக்கத்தைத் திட்டிப் பயனில்லை. 'பொன்மணி'யைப் பார்க்காமல் விட்டவர்கள் நாங்கள்தான். ஏன் பார்க்கவில்லை என்று கேட்காமல் விட்டவர்களும் நாங்கள்தான்.

8

எனது வாதத்தைத் தொகுக்கிறேன். சினிமா ரசனையைப் போதை என்று ஒதுக்கியதால் எமது சனங்களின் ஆசைகள் பற்றிய மிகப்பெரிய ஆவணத்தை நாம் படிக்கவில்லை. அதை அரசியல் வன்முறைக்குக் காரணமாக்கியதால் உண்மையான காரணங்களைத் தேடவில்லை. இரண்டு பிழைகளும் ஒரே இடத்திலிருந்து வந்தன: கலரியில் இருந்தவர்களுக்கு யோசிக்கத் தெரியாது என்ற நம்பிக்கையிலிருந்து. நட்சத்திர வழிபாட்டில் ஆபத்து இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ரசிகனைக் கேட்காமல் அவனைப் பற்றித் தீர்ப்பெழுதியது போதும் என்கிறேன்.

நடைமுறையில் ஒன்று செய்யலாம். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் படம் பார்த்தவர்கள், தியேட்டர்களில் படச்சுருள் ஓட்டியவர்கள், வானொலிக்குத் தபாலட்டை எழுதியவர்கள் இன்று எண்பதைத் தாண்டுகிறார்கள். யாழ்ப்பாணத் தியேட்டர்களின் நோட்டீசுகள், பாட்டுப் புத்தகங்கள், ரசிகர் மன்றங்களின் பற்றுச்சீட்டுகள் எமது வீடுகளின் பெட்டிகளில் கிடக்கின்றன. அல்லது என்னைப்போல யாரோ அடுப்பில் போட்டுவிட்டார்கள். இவற்றைச் சேர்க்க வேண்டும். அந்த முதியவர்களிடம் என்ன படம் பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்கக்கூடாது. யாரோடு போனீர்கள், எந்த வகுப்பில் இருந்தீர்கள், பக்கத்தில் இருந்தவர் பிறகு உங்கள் வீட்டுக்கு வந்தாரா, வந்தபோது எதில் தேத்தண்ணி கொடுத்தீர்கள் என்றும் கேட்க வேண்டும்.

சாப்பாட்டு அறையில் அந்தப் பொடியனுக்கு அடுத்தநாள் பதில் சொன்னேன். 'ஆயிரத்தில் ஒருவ'னை ஐந்து தடவை பார்த்தேன் என்றேன். நம்பவில்லை. "ஆரோடை சேர் போனனீங்கள்?" என்று கேட்டான். சொல்லத் தொடங்கினேன். பத்து நிமிட இடைவேளை, மணி அடித்துவிட்டது. மிச்சத்தை இங்கே எழுதியிருக்கிறேன்.